812 காகித உறைகள்: லைக்கன் சேகரிப்பை யாரிடம் ஒப்படைப்பது?

கோத்தகிரி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு ஃபிளாட்டுக்குப் போவது என்று போன மாதம் முடிவாயிற்று. அன்று சாயங்காலமே மனைவி கேட்டார்: "அந்தப் பாசி டப்பாவையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?" நியாயமான கேள்விதான். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, படிக்கட்டுக்குக் கீழே என்று 29 செருப்புப் பெட்டிகள். அவற்றுக்குள் 812 காகித உறைகள். உறைக்கு ஒரு லைக்கன். கல்லூரியில் தாவரவியல் நடத்திய 22 வருடத்தில், வனத்துறை அனுமதிக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாணவர்களோடு சோலைக்காடுகளுக்குப் போனபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவை.

லைக்கன் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்தோடு மறந்தவர்கள் அடுப்படிக்குப் போய் மசாலா டப்பாவைத் திறக்கலாம். செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிற கல்பாசி லைக்கன்தான். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து ஓர் உடலாக வாழ்கிற ஏற்பாடு அது. கடையில் கிடைக்கும் கல்பாசிக்குப் பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்று பெயர் சொல்வார்கள். ஆனால் ஒரு பாக்கெட்டைத் தட்டில் கொட்டிப் பொறுமையாகப் பிரித்தால் இரண்டு மூன்று இனங்களாவது தேறும். நான் பிரித்தபோது ஒரு துண்டின் மேல்தோலைப் பிளேடால் சுரண்டி, உள்ளே தெரிந்த வெள்ளைப் பகுதியில் பிளீச்சிங் கரைசல் ஒரு சொட்டு விட்டேன். சட்டென்று சிவந்தது. அது பார்மோட்ரீமா டிங்டோரம். பெர்லாட்டம் அப்படிச் சிவக்காது. குழம்புக்கு இரண்டும் ஒன்றுதான். அருங்காட்சியகத்துக்கு அப்படி இல்லை, அங்கே இரண்டும் வேறு வேறு அலமாரி.

எனக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அலமாரி நிறைய எதையாவது சேர்த்து வைத்துவிட்டு ஓய்வுபெறப் போகிற ஆசிரியர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களுக்கு உதவட்டும்.

படம் எடுத்து வைத்தால் போதாதா?

சென்னையில் இருக்கும் மகனின் யோசனை இது. "அப்பா, எல்லாத்தையும் நல்ல கேமராவுல படம் எடுத்து நெட்ல போட்டுடலாம். டப்பாவைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்." செலவில்லை, இடம் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பூச்செடிகளுக்கு இந்த யோசனையில் ஓரளவு அர்த்தம் உண்டு. லைக்கனில் படம் வாசல்படி வரைக்கும்தான் வரும்.

காரணம், லைக்கனின் அடையாளம் பாதிக்குமேல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மரப்பட்டையில் சாம்பல் நிறத் திட்டுப்போல ஒட்டிக்கொண்டு, மேலே யாரோ கறுப்பு மையில் கிறுக்கிய மாதிரி கோடுகள் ஓடினால் அது கிராஃபிஸ் வகையறா என்று சொல்லிவிடலாம். அதற்குள் எந்த இனம் என்று சொல்ல, அந்தக் கோட்டைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்து, வித்து எத்தனை அறைகளாகப் பிரிந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். அப்புறம் வேதியியல். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் மஞ்சளாகிப் பிறகு ரத்தச் சிவப்பாக மாறுவது ஓர் இனம், மஞ்சளோடு நின்றுவிடுவது இன்னோர் இனம். இந்தச் சொட்டுச் சோதனையை 1866-இல் தொடங்கிவைத்தவர் பின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர். 160 வருடம் ஆகியும் எங்கள் மேசையில் அந்தக் குப்பி இருக்கிறது. சொட்டும் போதாதபோது ஒரு சிறு மடலை அசிட்டோனில் ஊறவைத்து, மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகைத் தகட்டில் ஓட்டி, எந்த அமிலம் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்போம். படத்தை அசிட்டோனில் ஊறவைக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. மாதிரி என்பது அது எடுக்கப்பட்ட காலத்தின் காற்றையும் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கிறது. லைக்கனுக்கு வேர் கிடையாது. மழையிலும் தூசியிலும் வருவதைத்தான் உறிஞ்சிக்கொள்ளும், அதில் ஈயமும் துத்தநாகமும் சேர்ந்தே உள்ளே போகும். இங்கிலாந்தில் 1797 முதல் 1967 வரை எடுக்கப்பட்ட பார்மீலியா சல்காட்டா மாதிரிகளை அலமாரியிலிருந்து எடுத்து, அவற்றில் இருந்த உலோகங்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1797-இல் அதை மரத்திலிருந்து உரித்தவருக்கு அப்படி ஓர் அளவீடு வரும் என்று கனவில்கூடத் தோன்றியிருக்காது. நைலாண்டரே அதே 1866-இல் பாரிஸ் லக்சம்பர்க் தோட்டத்தின் லைக்கன்களைப் பட்டியல் போட்டு, இவை காற்றின் சுத்தத்துக்கு அளவுகோல் என்று எழுதினார். நகரப் புகையில் பின்னாளில் அவை அங்கிருந்து மறைந்தே போயின.

சில மாதிரிகள் பழசாவதாலேயே செய்தி சொல்கின்றன. உயர்மலைகளில் வெள்ளைப் புழுக்கள் கிடப்பதுபோல் வளரும் தாம்னோலியாவில் இரண்டு வகை உண்டு. புதிதாகப் பார்க்கும்போது இரண்டும் ஒரே வெள்ளை. பல வருடம் அலமாரியில் கிடந்தபின் தாம்னோலிக் அமிலம் உள்ளது இளஞ்சிவப்பாக மாறிவிடும், ஸ்குவாமாட்டிக் அமிலம் உள்ளது வெள்ளையாகவே இருக்கும். முதல் நாள் எடுத்த படத்தை நூறு வருடம் கழித்துப் பார்த்தாலும் இது தெரியாது.

அதனால் படம் எடுத்தேன், எல்லாவற்றையும். அது உறைக்குத் துணை, பதிலி இல்லை. மகன் ஒப்புக்கொண்டானா என்றால், "சரிப்பா" என்றான், அவ்வளவுதான்.

அட்டை, தாள், உறை, பெட்டி

எங்கே கொடுப்பது என்பதற்கு முன்னால் எப்படிக் கொடுப்பது என்று ஒரு கேள்வி இருக்கிறது. அருங்காட்சியகங்கள் 200 வருடமாக லைக்கனை வைத்துப் பழகிய முறைகள் மூன்று நாலு உண்டு. ஒவ்வொன்றின் கோளாறும் அடுத்த தலைமுறைக்குத்தான் தெரிந்தது.

பழைய முறை, மாதிரியை நேரே அட்டையில் கோந்து வைத்து ஒட்டுவது. லின்னேயஸின் கடைசி மாணவரும் லைக்கன் ஆய்வுக்குத் தந்தை என்று சொல்லப்படுகிறவருமான எரிக் அகாரியஸ் காலத்து வழக்கம். பார்க்க அழகாக, படம் மாட்டினாற்போல் இருக்கும். ஆனால் இலைபோல் விரியும் லைக்கனுக்கு அடிப்பக்கம்தான் முக்கியம். அது கறுப்பா பழுப்பா, வேர்போன்ற இழைகள் ஒற்றையாக நிற்கின்றனவா கிளைக்கின்றனவா, ஓரத்தில் வழுக்கையாக இருக்கிறதா என்பதை வைத்துத்தான் இனம் பிரிக்கிறோம். ஒட்டிவிட்டால் அடிப்பக்கம் போயிற்று. கோந்தும் வேதிச் சோதனையில் மூக்கை நுழைக்கும். இந்த முறைக்கு என் வோட்டு கிடையாது.

இரண்டாவது, மாதிரியைக் காகித உறைக்குள் போட்டு, உறையைப் பெரிய ஹெர்பேரியத் தாளில் ஒட்டுவது. ஹெர்பேரியம் என்றால் உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகம். பூச்செடிகள் வைக்கும் அதே அலமாரியில் அதே அளவில் அடுக்கலாம், தனி மரச்சாமான் தேவையில்லை. நிறைய இடங்களில் இதைப் பார்க்கலாம். மரப்பட்டை மாதிரிக்குப் பரவாயில்லை. கல்லோடு வந்த மாதிரியை இப்படி வைத்தால் தாள் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும், மேலே இருக்கும் கட்டின் பாரம் கீழே இருக்கும் நொறுங்கலான மாதிரியை மாவாக்கிவிடும்.

மூன்றாவது, உறைகளை நூலக அட்டைகள்போல் பெட்டியில் நிமிர்த்தி அடுக்குவது. விரலால் தள்ளித் தள்ளித் தேடலாம், நடுவில் புதிதாக ஒன்றைச் செருகலாம். குறை ஒன்றே ஒன்று, நிமிர்த்தி வைப்பதால் துகள்கள் எல்லாம் அடியில் போய்ச் சேரும். உள்ளே உறை அளவுக்கு ஒரு கெட்டி அட்டை வெட்டிப் போட்டு, மாதிரியை அதன்மேல் இருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

என்னுடையவை இந்த மூன்றாவது வகை. அமிலமில்லாத ஏ4 தாள் ஒன்று. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மேலே மடக்கு. இரண்டு பக்கங்களையும் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு மடக்கு. மேலே மிஞ்சியிருப்பதை முன்பக்கம் கவிழ்த்து மூடு. பசை வேண்டாம், ஊக்கு வேண்டாம். கவிழ்கிற அந்த மேல்மடிப்பில் சீட்டு. இப்படி மடிக்க ஒரு நிமிடம் ஆகாது. முதல் வருட மாணவர்கள் ராக்கெட் செய்துவிட்டுப் பிறகு உறை செய்வார்கள்.

கல்லோடு வந்தவை 64. பாறையிலிருந்து உளியால் தட்டி எடுத்தவை. அவற்றை உறையில் வைப்பது வீண் வேலை. மருந்துக்கடை அளவுச் சின்ன அட்டைப்பெட்டிகளில், அடியில் மெத்தைபோல் காகிதம் வைத்து வேறாக வைத்திருக்கிறேன்.

இன்னொரு குட்டு. ஆரம்ப வருடங்களில் எடுத்த 140 மாதிரிகளைப் பழைய நோட்டுத் தாளிலும் செய்தித்தாளிலும் மடித்து வைத்திருந்தேன். இப்போது அந்தத் தாள் பழுத்த வாழையிலை நிறத்தில், தொட்டால் உதிர்கிறது. பால்பாயிண்ட் எழுத்தும் மங்கிவிட்டது. பென்சிலில் எழுதியது மட்டும் நேற்று எழுதினதுபோல் இருக்கிறது. அந்த 140-ஐயும் புதுத்தாளுக்கு மாற்றி, பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் உள்ளேயே வைத்து மூட மூன்று வாரம் பிடித்தது.

பூச்சிக்கு என்ன செய்வது

இதில் எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரியின் அலமாரியில் இருநூறு உறைகளை வைத்திருந்தேன். நாலைந்து நாப்தலின் உருண்டைகளைப் போட்டுவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போனேன். தென்மேற்குப் பருவமழை முடிந்து வந்து திறந்தால், உறைகளில் குண்டூசி குத்தினதுபோல் துளைகள். உள்ளே பழுப்புப் பொடி. சிகரெட் வண்டு. அதோடு புத்தகப் பேன்கள் வேறு ஓடிக்கொண்டிருந்தன. சில உறைகளில் என் கையெழுத்துச் சீட்டு மட்டும் முழுசாக இருந்தது, மாதிரி இல்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை, ஓதம் பிடித்த சுவரோடு ஒட்டி அலமாரியை வைத்தது நான்தான்.

அந்தக் காலத்தில் பெரிய ஹெர்பேரியங்கள் பாதரச குளோரைடை ஆல்கஹாலில் கரைத்து மாதிரிகளைத் தோய்த்து எடுக்கும். பூச்சி நூறு வருடத்துக்கு வராது. கையாளுகிற ஆளுக்கும் அது விஷம்தான் என்பது ஒரு பக்கம். லைக்கனைப் பொறுத்தவரை இன்னொரு நஷ்டமும் உண்டு. மாதிரியில் இருக்கும் உலோகத்தை அளந்து பழைய காற்றைப் படிக்கலாம் என்று மேலே சொன்னேனே, பாதரசத்தில் தோய்த்த மாதிரியில் அந்தக் கணக்கு கெட்டது. நாப்தலினும் உடம்புக்கு ஆகாது. வண்டு அதைப் பெரிதாக மதிப்பதாகவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பரவலான முறை உறையவைப்பது. இரட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, கழித்தல் 20 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒருநாள் அப்படியே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்தபிறகுதான் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். காய்ந்த லைக்கனுக்குக் குளிர் பழக்கப்பட்ட விஷயம், அதற்கு ஒன்றும் ஆகாது. வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசர் பல சமயம் கழித்தல் 18-ஐ ஒட்டித்தான் நிற்கும், அதனால் நான் மூன்று வாரம் வைக்கிறேன். இப்படி நாலு பெட்டிகளாக, ஐஸ்கிரீமுக்கும் பச்சைப் பட்டாணிக்கும் இடமில்லாமல் எங்கள் ஃபிரீசர் ஓடிக்கொண்டிருக்கிறது.

எந்த வாசல்

சரி, முக்கியமான இடத்துக்கு வந்தாயிற்று.

வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்பதை முதலில் தள்ளிவிட்டேன். என் காலத்துக்குப் பிறகு அது பழைய பேப்பர்காரருக்குத்தான் போகும். இதைச் சோகமாகச் சொல்லவில்லை, நடக்கிறதைச் சொல்கிறேன்.

கல்லூரிக்குக் கொடுப்பது மனசுக்குப் பிடித்த வழி. பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள், நம்ம ஊர் மாதிரி நம்ம ஊரிலேயே இருக்கும். ஆனால் கல்லூரியில் ஒரு சேகரிப்பு உயிரோடு இருப்பது அதன்மேல் ஆசை உள்ள ஓர் ஆசிரியர் இருக்கும்வரைதான். அவர் மாற்றலாகிப் போனால் அந்த அறைக்குக் கணினி வரும், அலமாரி வராந்தாவுக்கு வரும். பன்னாட்டு ஹெர்பேரியப் பட்டியலில் பெயர்க்குறி இல்லாத இடமாக இருந்தால் வெளியூர் ஆய்வாளருக்கு அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது. ஹெர்பேரியங்கள் ஒன்றுக்கொன்று மாதிரிகளை இரவல் கொடுக்கும். அந்தப் புழக்கத்துக்குள் இல்லாத அலமாரி, பூட்டிய வீடு மாதிரி.

கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள். அங்கே இருப்பதுதான் மெட்ராஸ் ஹெர்பேரியம். 1853-இல் கிளெக்ஹார்ன் சென்னையில் தொடங்கி, பிறகு கோயம்புத்தூருக்கு வந்தது. எனக்கு ஃபிளாட்டிலிருந்து ஆட்டோ தூரம். அரசு நிறுவனம், கட்டடமும் ஊழியரும் நிலையானவை, நீலகிரி மாதிரி நீலகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். சேரவேண்டியதில் ஏதாவது குழப்பம் என்றால் நானே நேரில் போய் விளக்கலாம், இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தயக்கம் ஒன்றுதான். அந்த ஹெர்பேரியத்தின் பெரும்பலம் பூச்செடிகளில். தென்னிந்தியாவின் செடிகொடிகளைப் படிக்கிறவர்கள் அங்கே வருவார்கள். லைக்கன் படிக்கிறவர்கள் முதலில் போகிற இடம் வேறு.

அந்த வேறு இடம் லக்னோ. தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில்தான் நாட்டின் பெரிய லைக்கன் சேகரிப்பு இருக்கிறது. இதற்குப் பின்னால் ஒரு மனிதர், தரணி தர் அவஸ்தி. லக்னோ பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இந்திய லைக்கன் ஆய்வை ஏறக்குறையத் தனியாளாகக் கட்டியவர். இந்தியா, நேபாளத்தின் பெரிய லைக்கன்களுக்கு 1988-இலும், நுண்லைக்கன்களுக்கு 1991-இலும் அவர் எழுதிய இனங்காணும் திறவுகோல்களை வைத்துத்தான் நானும் என் 812-க்குப் பெயர் வைத்தேன். பல்கலைக்கழகத்தில் அவர் சேர்த்தவையும் பிற்பாடு அந்த நிறுவனத்துக்கே வந்து சேர்ந்தன. என் மாதிரியில் ஒன்றை இது சரிதானா என்று பார்க்க வேண்டுமானால், அவர் கைப்பட எழுதிய சீட்டுள்ள உறையை அடுத்த அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்த வசதி வேறு எங்கும் கிடையாது.

லக்னோவின் குறைகள் எல்லாம் தூரத்தின் குறைகள். 64 கற்களைப் பார்சலில் அனுப்பினால் போய்ச் சேரும்போது 200 கற்களாக இருக்கும். நீலகிரியில் படிக்கிற ஒரு பிள்ளை தன் ஊர் மாதிரியைப் பார்க்க மூன்று நாள் விடுப்பு எடுத்து ரயிலேற வேண்டும்.

புனேயில் அகார்கர் ஆய்வு நிறுவனமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒட்டுலைக்கன்களில், அதாவது பட்டையோடு பட்டையாக, கல்லோடு கல்லாக ஒட்டி வளர்கிறவற்றில், அங்கே பல பத்தாண்டுகளாக நல்ல வேலை நடந்திருக்கிறது. என் சேகரிப்பு முழுக்க ஒட்டுலைக்கனாக இருந்திருந்தால் புனேதான் என்று சொல்லியிருப்பேன். என்னிடம் பாதிக்குமேல் இலைவடிவமும் புதர்வடிவமும்.

வெளிநாடா என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். "சார், பாரிஸ்ல நல்லா வச்சிருப்பாங்களே?" நன்றாகத்தான் வைத்திருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. நீலகிரி லைக்கனுக்கும் பாரிஸுக்கும் பழைய சம்பந்தமும் உண்டு. புதுச்சேரியில் இருந்த பெர்ரோத்தே நீலகிரியில் எடுத்தனுப்பிய பூக்காத் தாவரங்களை, ராணுவ மருத்துவராக இருந்த மோன்டாஞ் 1842-இல் பாரிஸில் பட்டியலிட்டு வெளியிட்டார். அந்த மாதிரிகள் இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. இலங்கையின் கதையும் இதே. பேராதனைப் பூங்காவின் துவைட்ஸ் எடுத்தவை இங்கிலாந்துக்குப் போய் அங்கே பெயர் பெற்றன. அதனால்தான் கோத்தகிரிச் சோலையில் ஒரு மரத்தில் பார்ப்பதற்குச் சரியான பெயர் எது என்று உறுதிசெய்ய, நாம் ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. இன்னொரு முறை அதே வேலையைச் செய்ய எனக்கு இஷ்டமில்லை. இஷ்டம் இருந்தாலும் 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கிறது. புதிய இனம் என்று எதையாவது கண்டால் அதன் சான்று மாதிரியை அரசு குறித்துவைத்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். தாவரவியல் ஆய்வகமும் லக்னோ நிறுவனமும் அந்தப் பட்டியலில் உள்ளவை. என் உறைகளில் மூன்று, எந்தத் திறவுகோலிலும் அடங்காமல் அடம்பிடிக்கின்றன. புதுசாக இருக்கலாம், என் கண்ணாடி பழசாகவும் இருக்கலாம்.

ஒரே இடமா, பிரித்தா?

இதில்தான் நான் அதிக நாள் குழம்பினேன். சேகரிப்பை உடைக்கக் கூடாது என்று ஒரு கட்சி இருக்கிறது. ஒருவர் எடுத்தது ஒரே இடத்தில் இருந்தால் அவர் கண் எப்படிப் போயிற்று, எங்கே தவறினார் என்று பின்னால் வருகிறவர் பிடித்துக்கொள்ளலாம். ஹெல்சின்கி இதற்கு நல்ல உதாரணம். அகாரியஸின் பெரும்பங்குச் சேகரிப்பும் அங்கே, நைலாண்டரின் சேகரிப்பும் அங்கே, தனித்தனிப் பிரிவாக. நைலாண்டர் ஆண்டுதோறும் ஒரு தொகை என்ற ஏற்பாட்டில் தன்னுடையதைக் கொடுத்தார். மனுஷன் சண்டைக்காரர். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது என்று சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் ஷ்வென்டனர் சொன்னதை 1899-இல் சாகும்வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவர் உறைகள் அந்தச் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் இன்றைக்கும் அவற்றைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

மறுபக்கம் மணிலா. பிலிப்பைன்ஸ் லைக்கன்களை 1909 முதல் 1923 வரை பகுதி பகுதியாக வெளியிட்டவர் இன்னொரு பின்லாந்துக்காரர், வைனியோ. மணிலாவிலிருந்து வந்த மாதிரிகளில் தனக்கென்றும் பங்கு வைத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் மணிலா ஹெர்பேரியம் எரிந்து சாம்பலானது. வைனியோவின் பங்கு பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருந்தது. 1943 மார்ச்சில் பெர்லின் ஹெர்பேரியம் குண்டு விழுந்து எரிந்தபோதும் இதே கதை. வேறு ஊருக்கு இரவல் போயிருந்தவை தப்பின, வீட்டில் இருந்தவை போயின.

எங்கள் ஊரில் குண்டு விழாது. ஆனால் இருநூறு உறைகள் பொடியானதைப் பார்த்தவன் நான். அதனால் பிரிப்பது என்று முடிவு செய்தேன்.

எல்லாவற்றையும் பிரிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளங்கை அளவு உள்ள இலைவடிவ லைக்கனை இரண்டாக வெட்டலாம். தாடிமயிர்போல் தொங்கும் உஸ்னியாவைப் பிரிக்கும்போது இரண்டு பங்கிலும் அடிக்கட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது கறுப்பா என்பதில்தான் இனம் நிற்கிறது. அடிக்கட்டை ஒன்றே ஒன்று என்றால் பிரிக்காதீர்கள். நகக்கண் அளவு ஒட்டுலைக்கனைப் பிரித்தால் இரண்டு இடத்திலும் ஒன்றுமில்லாமல் போகும். இன்னோர் ஆபத்து, ஒரே பட்டையில் இரண்டு இனங்கள் தோளோடு தோள் ஒட்டி வளர்ந்திருக்கும். வெட்டிப் பிரித்தால் ஓர் உறையில் ஓர் இனமும் இன்னோர் உறையில் வேறு இனமும் ஒரே எண்ணோடு போய்ச் சேரும். பின்னால் வருகிறவர் என்னைத் திட்டுவார்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் 812-இல் 305 மட்டும் பிரிக்கத் தக்கவை. முதல் பங்கு முழுவதும் லக்னோவுக்கு. அந்த 305-இன் இரண்டாம் பங்கு கோயம்புத்தூருக்கு. அடம்பிடிக்கும் மூன்றும் லக்னோவுக்கே, அவற்றைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் அதிகம். 64 கற்கள் கோயம்புத்தூருக்கு. இதில் ஆய்வைவிட ஆட்டோதான் முடிவு செய்தது என்று ஒப்புக்கொள்கிறேன். லக்னோக்காரர்களுக்குக் கற்களின் படங்களும் பட்டியலும் போகும், வேண்டுமென்றால் இரவல் கேட்டுக்கொள்வார்கள்.

கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் வாசலில் நிற்காதீர்கள். முதலில் கடிதம், கூடவே பட்டியல். எண், இடம், உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை, எந்த மரம் அல்லது என்ன கல், தேதி, எடுத்தவர். மரத்தின் பெயரை எழுதாமல் விட்டது என் பெரிய வருத்தம். முதல் ஐந்து வருடச் சீட்டுகளில் 'மரப்பட்டை' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், எந்த மரம் என்று அந்த மரத்துக்குத்தான் தெரியும். அனுமதிக் கடித நகல்களையும் சேர்த்துவிடுங்கள். எந்த நிறுவனத்துக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு. உறைக்கு உறை பதிவெண் போட்டு அலமாரி சேர்க்க அங்கேயும் ஆட்கள்தான் வேலை செய்ய வேண்டும். நான் இரண்டு இடத்துக்கும் எழுதி, பட்டியலைப் பார்த்தபிறகு அனுப்புங்கள் என்று பதில் வாங்கியிருக்கிறேன். அதனால் லக்னோ பங்கை மழைக்காலம் கழிந்து, ரயிலில் நானே கொண்டுபோவதாக உத்தேசம். மனைவியும் வருகிறார், அவருக்கு அங்கிருந்து காசி போக வேண்டும்.

கடைசியாக ஒரு பெட்டி மிஞ்சியது. 41 உறைகள். சீட்டு இல்லை, அல்லது பூச்சி தின்றது சீட்டை மட்டும். இடமும் தேதியும் இல்லாத மாதிரியை எந்த ஹெர்பேரியமும் கேட்காது, கேட்கவும் கூடாது. அவற்றைக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டேன், ஒரு குப்பி பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் பத்துப் பிளேடும் சேர்த்து. போன வாரம் அங்கே போனபோது இரண்டாம் வருடப் பிள்ளை ஒருத்தி ஒரு துண்டைச் சீவிச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். மஞ்சளாயிற்று. அவள் நிமிர்ந்து, "சார், சிவப்பாகணுமா?" என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன்.